நாளைக் காலை அலுவலகம் திறக்க முடியாவிட்டால்? தொழில் தொடர்ச்சித் திட்டம் முதல்முறை போடுபவர்களுக்கு

மேலாளர் போகிற போக்கில் "நமக்கும் ஒரு பி.சி.பி. வேணும், நீங்களே தயார் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். பி.சி.பி. என்றால் தொழில் தொடர்ச்சித் திட்டம்தான். நீங்களும் எங்கிருந்தோ நாற்பது பக்க மாதிரிப் படிவம் ஒன்றை இறக்கி, நிறுவனத்தின் பெயரை மாற்றி, நிரப்பத் தொடங்கியிருப்பீர்கள். அதைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். அந்தப் படிவத்தின் முதல் அத்தியாயத்தில் நிலநடுக்கம், வெள்ளம், தீ, கலவரம், தொற்றுநோய், ஹேக்கிங் என்று ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றும் நடக்க வாய்ப்பு எவ்வளவு, நடந்தால் பாதிப்பு எவ்வளவு என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் போடச் சொல்லும். புதிதாக வருபவர்கள் அங்கேயே இரண்டு வாரம் மாட்டிக்கொள்கிறார்கள். நிலநடுக்கத்துக்கு இரண்டா மூன்றா என்று கூட்டம் நடக்கும். கடைசியில் இரண்டரை போடுவார்கள்.

அந்த இரண்டரையை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. எதை இழந்தால் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிப்போம் என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் செய்ய முடியும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைத்தான் வேறு வேறு இடங்களில் கேட்கப் போகிறோம்.

இரண்டு சொற்களை மட்டும் முதலில் பிரித்து வைத்துக்கொள்வோம். தொழில் தொடர்ச்சி என்பது, இடி விழுந்தாலும் வாடிக்கையாளருக்கான வேலையை எப்படியாவது நடத்திக்கொண்டிருப்பது. தேவைப்பட்டால் பேனாவும் காகிதமும் வைத்து. பேரிடர் மீட்பு என்பது, விழுந்துபோன கணினி, சர்வர், தரவு எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் தூக்கி நிறுத்துவது. முதலாவது எல்லாத் துறையினரின் வேலை. இரண்டாவது பெரும்பாலும் ஐ.டி. ஆட்களின் வேலை. இரண்டையும் ஐ.டி. துறையிடம் தள்ளிவிடும் நிறுவனங்கள் நிறைய. சர்வர் திரும்ப வரும்வரை வாடிக்கையாளரிடம் யார் பேசுவது என்று அங்கே யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

இதற்கென்று உலகத் தரநிலையும் இருக்கிறது: ஐ.எஸ்.ஓ. 22301. முதலில் 2012-இல் வந்தது, 2019-இல் திருத்தப்பட்டது. பெரிய வாடிக்கையாளர்கள் சான்றிதழ் கேட்டால் அந்தப் பக்கம் போகலாம். முதல் திட்டம் போட அது தேவையில்லை.

முதல் படி: வேலைகளை எழுதுங்கள், நேரத்தைக் கேளுங்கள்

பேசுவதற்கு வசதியாக ஓர் அலுவலகத்தை வைத்துக்கொள்வோம். பதினான்கு பேர். பிற நிறுவனங்களுக்குச் சம்பளப் பட்டியல் போட்டுத் தருவதும் கணக்கு எழுதுவதும் தொழில்.

இங்கே நடக்கும் வேலைகளை எழுதினால் பத்து, பன்னிரண்டு வரி வரும். வருகைப் பதிவை வாங்குவது, சம்பளம் கணக்கிடுவது, வங்கிக்குக் கோப்பு அனுப்புவது, ஊழியர்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வது, வரித் தாக்கல், புதிய வாடிக்கையாளரைச் சேர்ப்பது, நமக்கு வரவேண்டிய பணத்துக்கு பில் போடுவது என்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது நின்றால் எவ்வளவு நேரத்தில் வலிக்கத் தொடங்கும் என்று எழுத வேண்டும். புத்தகங்கள் இதைத் தாக்கப் பகுப்பாய்வு என்கின்றன.

ஒரு எச்சரிக்கை. "உங்கள் வேலை எவ்வளவு முக்கியம்?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். மிக முக்கியம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், மனித இயல்பு. அதற்குப் பதிலாக, "இது நின்றுபோனால் முதலில் யார் போன் பண்ணுவார்கள், எத்தனை மணிக்குள்?" என்று கேளுங்கள். அப்புறம் "மாதத்தில் எந்த நாள் நின்றால் ரொம்ப மோசம்?" என்றும் கேளுங்கள். நம் உதாரண அலுவலகத்தில் சம்பளக் கணக்கு பத்தாம் தேதி இரண்டு நாள் நின்றாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். இருபத்தெட்டாம் தேதி இரண்டு மணி நேரம் நின்றாலே போன் அலறும். இந்தத் தேதி விஷயத்தைப் பதிவு செய்யாத திட்டம் அரைத் திட்டம்தான்.

இங்கேதான் இரண்டு எண்கள் வருகின்றன. ஐ.டி. ஆட்கள் இவற்றை ஆர்.டி.ஓ., ஆர்.பி.ஓ. என்பார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம்.

ஆர்.டி.ஓ. என்பது எவ்வளவு நேரத்துக்குள் வேலை மீண்டும் ஓட வேண்டும் என்ற கெடு. ஆர்.பி.ஓ. என்பது எவ்வளவு நேரத்துத் தரவு போனால் பொறுத்துக்கொள்வோம் என்ற அளவு. முதலாவது விபத்திலிருந்து முன்னோக்கி ஓடும் கடிகாரம், இரண்டாவது பின்னோக்கி. நேற்று இரவு பதினோரு மணிக்குக் கடைசியாக பேக்கப் எடுத்தீர்கள், இன்று மாலை நான்கு மணிக்கு சர்வர் போய்விட்டது என்றால், பதினேழு மணி நேர வேலை காணாமல் போயிருக்கிறது. அதை மறுபடி உட்கார்ந்து தட்டச்சு செய்ய முடியுமா? மூலக் காகிதங்கள் கையில் இருக்கின்றனவா? முடியும் என்றால் தினமும் ஒரு பேக்கப் போதும். நான்கு மணி நேரத்துக்கு மேல் இழக்க முடியாது என்றால் நான்கு மணிக்கொருமுறை எடுத்தாக வேண்டும்.

இந்த எண்களைத் தொழில் நடத்துபவர்தான் முடிவு செய்ய வேண்டும், ஐ.டி. துறை அதற்கு ஆகும் செலவைச் சொல்ல வேண்டும். முதல் கூட்டத்தில் எல்லாரும் "பூஜ்ஜியம்" என்பார்கள். ஒரு நொடித் தரவுகூடப் போகக்கூடாது, ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாது. சரி, அதற்கு இரட்டை சர்வர், இரட்டை இடம், இரவு பகல் ஆள் என்று செலவைக் காட்டியதும் பூஜ்ஜியம் மெல்ல நான்கு மணி நேரமாகும். சில வேலைகளுக்கு இரண்டு நாளும் ஆகும். அந்தப் பேரம்தான் இந்தப் படியின் உண்மையான பலன்.

இரண்டாம் படி: ஐந்து இழப்புகள்

ஆபத்துகள் ஆயிரம் வகை. அவை நம்மிடமிருந்து பறிப்பவை ஐந்துதான்: ஆட்கள், இடம், மின்சாரமும் இணையமும், கணினியும் தரவும், நாம் நம்பியிருக்கும் வெளியார். கட்டடம் எரிந்தாலும், வெள்ளம் சூழ்ந்தாலும், பக்கத்துத் தெருவில் எரிவாயு கசிந்து காவல்துறை வழியை அடைத்தாலும் உங்களுக்கு விளைவு ஒன்றே: இடம் இல்லை. 2020-இல் கொரோனா வந்தபோது "உலகமே ஊரடங்கில் கிடக்கும்" என்று யாரும் திட்டத்தில் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனால் "அலுவலகத்துக்குள் ஒரு மாதம் போக முடியாது" என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தவர்களிடம் மடிக்கணினி இருந்தது, வெளியிலிருந்து இணையும் வழி இருந்தது.

முதல் படியில் எழுதிய ஒவ்வொரு வேலையையும் இந்த ஐந்தோடு மோதவிட்டுப் பாருங்கள். வங்கிக்குக் கோப்பு அனுப்பும் வேலையை எடுங்கள். ஆள் இல்லை என்றால்? வங்கித் தளத்தில் நுழையும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான், ஓ.டி.பி. அவருடைய சொந்த போனுக்குத்தான் வருகிறது என்று அப்போதுதான் தெரியவரும். பதினான்கு பேர் இருந்து என்ன? அந்த ஒருவர் மருத்துவமனையில் படுத்தால் எல்லா வாடிக்கையாளர்களின் சம்பளமும் படுத்துவிடும். இதைச் சரிசெய்ய வங்கிக்கு ஒரு கடிதம் போதும். பேரிடர்த் திட்டத்தில் பாதி வேலை இப்படிச் சின்னச் சின்னதுதான்.

மின்சாரத்தில் எல்லாரும் ஏமாறுவது ஒரே இடத்தில். "எங்களிடம் ஜெனரேட்டர் இருக்கிறது" என்பார்கள். அது எதை நம்பி ஓடுகிறது என்று கடைசிக் கண்ணிவரை போய்ப் பார்க்க வேண்டும். 2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, மன்ஹாட்டனில் 75 பிராட் ஸ்ட்ரீட் கட்டடத்தில் இருந்த ஒரு தரவு மையத்தின் ஜெனரேட்டர் மேல்மாடியில் பத்திரமாக இருந்தது. எரிபொருளை மேலே ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில். அடித்தளம் முழுக்கத் தண்ணீர். அந்த மையத்து ஆட்களும், அங்கே சர்வர் வைத்திருந்த நிறுவனங்களின் ஊழியர்களும் வரிசையில் நின்று, வாளிகளில் டீசலைக் கைமாற்றிக் கைமாற்றிப் பதினேழு மாடி ஏற்றினார்கள், நாள் கணக்கில். சர்வர்கள் ஓடின. பாராட்ட வேண்டியதுதான், ஆனால் உங்கள் திட்டம் வாளியை நம்பி இருக்கக்கூடாது. முந்தைய ஆண்டு ஃபுகுஷிமாவில் சுனாமி வந்தபோதும் அவசர டீசல் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை அடித்தளத்தில்தான் இருந்தன.

எனவே எழுதிக்கொள்ளுங்கள்: ஜெனரேட்டர் எங்கே, அதன் டீசல் எங்கே, எத்தனை மணி நேரத்துக்கு வரும், ஊர் முழுக்க மின்சாரம் இல்லாதபோது டீசல் கொண்டுவந்து தருவதாக யார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்? யு.பி.எஸ். பேட்டரி எந்த ஆண்டு மாற்றியது? யு.பி.எஸ். வாங்கிய அன்று இருபது நிமிடம் தாங்கியிருக்கும். நான்கு வருடம் கழித்து மூன்று நிமிடம் தாங்கினால் அதிசயம். பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

வெளியார் விஷயத்தில் தொழில்துறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 2000 மார்ச் 17. அமெரிக்காவின் ஆல்புகெர்க்கியில் பிலிப்ஸின் சிப் தொழிற்சாலையில் மின்னல் காரணமாகத் தீப்பிடித்தது. பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் தூசி துளிகூட இருக்கக்கூடாத அறைகளில் புகையும் தண்ணீரும் புகுந்துவிட்டன. ஒரு வாரம் தாமதமாகும் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொன்னார்கள். நோக்கியா அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. தினமும் கேட்டது, ஒரு வாரம் பல வாரமாகும் என்று புரிந்ததும் மற்றத் தொழிற்சாலைகளின் உற்பத்தியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. எரிக்சன் காத்திருந்தது. விழித்துக்கொண்டபோது வேறு எங்கும் சிப் மிச்சமில்லை; அந்தச் சிப்புக்கு மாற்று வழியும் வைத்திருக்கவில்லை. அடுத்த ஆண்டே அது தன் கைபேசித் தொழிலை சோனியோடு கூட்டாக மாற்றிக்கொண்டது. தீ ஒன்றுதான், இரண்டு நிறுவனங்களுக்கும் பொதுவானதுதான். நீங்கள் செய்ய வேண்டியது: ஒரே ஒருவரிடம் மட்டும் வாங்கும் பொருள், சேவை எவை என்று ஒரு பட்டியல், அவற்றுக்கு இரண்டாவது பெயர், அந்த இரண்டாமவரிடம் இப்போதே ஒரு சின்ன ஆர்டர். அவசரத்தின்போது முதல்முறை போன் செய்பவரை யாரும் வரிசையில் முன்னால் விடமாட்டார்கள்.

மூன்றாம் படி: பேக்கப், அதைவிட முக்கியமாக ரீஸ்டோர்

3-2-1 என்றொரு விதி. புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பியது. தரவுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில். இந்தக் காலத்துக்கு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு பிரதியாவது எந்த நெட்வொர்க்கிலும் இணைந்திருக்கக்கூடாது, அல்லது யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டியிருக்க வேண்டும். ரான்சம்வேர் கும்பல்கள், அதாவது தரவைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்பவர்கள், உள்ளே வந்ததும் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான். எப்போதும் சர்வரிலேயே செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க் சர்வரோடு சேர்ந்தே பூட்டப்பட்டுவிடும்.

வேறு இடம் என்றால் உண்மையிலேயே வேறு இடம். 2021 மார்ச் 10 அதிகாலையில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓ.வி.எச். நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் எரிந்து சாம்பலானது. பக்கத்துக் கட்டடத்திலும் ஒரு பகுதி போனது. கிளவுடில் இருப்பதால் பத்திரம் என்று நினைத்திருந்த பலருக்கு, அசலும் பேக்கப்பும் ஒரே வளாகத்தில் இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. கிளவுட் என்பது இன்னொருவருடைய கட்டடம். எந்த ஊரில், எந்த வளாகத்தில் என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள்.

பேக்கப் எடுப்பது பாதி வேலை. மீதிப் பாதியை, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் உலகத்துக்கே காட்டியது. 2017 ஜனவரி 31 இரவு, நீண்ட நேரம் வேலை பார்த்துக் களைத்திருந்த ஒரு பொறியாளர், துணை சர்வரில் இருக்கும் கோப்புறையை அழிப்பதாக நினைத்து முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். 300 ஜி.பி. அளவிலான தரவில் மிஞ்சியது 4.5 ஜி.பி. பரவாயில்லை, பேக்கப் இருக்கிறது என்று போய்ப் பார்த்தால், ஒவ்வொரு வழியாக அடைபட்டிருந்தது. தினசரி பேக்கப் எடுக்கும் மென்பொருளின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் ஒத்துப்போகாததால் அது மௌனமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றால் மின்னஞ்சல் வரும் ஏற்பாடு இருந்தது. அந்த மின்னஞ்சல்களையும் பெறும் சர்வர் போலி என்று கருதி நிராகரித்துக்கொண்டிருந்தது. சேமிப்பகத்தைத் திறந்தால் காலி. கடைசியில் காப்பாற்றியது, ஆறு மணி நேரம் முன்பு வேறொரு சோதனைக்காக ஒருவர் தற்செயலாக எடுத்து வைத்திருந்த பிரதி. ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். நடந்ததை மறைக்காமல் எல்லாவற்றையும் வெளியிட்டார்கள் என்பதால்தான் இன்றைக்கு நாம் பாடம் படிக்க முடிகிறது.

ஆகவே மூன்று மாதத்துக்கொருமுறை ரீஸ்டோர் செய்து பாருங்கள். செய்முறை எளிது. அலுவலகத்தில் இல்லாத, புதிதாகத் துடைத்த ஒரு கணினியை எடுங்கள். பேக்கப்பிலிருந்து தரவை இறக்குங்கள். மென்பொருளை நிறுவுங்கள். சென்ற மாதத்தின் ஒரு குறிப்பிட்ட ஊழியரின் சம்பளச் சீட்டைத் திறந்து அச்சடியுங்கள். கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தக்கூடாது. கையில் கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். திட்டத்தில் நான்கு மணி நேரம் என்று எழுதியிருக்கும், கடிகாரம் பதினொன்று என்று காட்டும். எது உண்மை என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் முதல்முறை இப்படிச் செய்து பார்த்தது நினைவிருக்கிறது. பேக்கப் கோப்பு கச்சிதமாக இறங்கியது. திறக்க பாஸ்வேர்ட் கேட்டது. பாஸ்வேர்ட்கள் எல்லாம் ஒரு கோப்பில் ஒழுங்காக எழுதி வைத்திருந்தேன். அந்தக் கோப்பு பூட்டிய பேக்கப்புக்குள்ளே இருந்தது. அன்றிலிருந்து அந்த ஒரு பாஸ்வேர்ட் உறையில் போட்டு ஒட்டி வேறொரு இடத்தில் இருக்கிறது. 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றபோதும், சில நிறுவனங்களில் கணினியைத் திறக்க வேண்டிய மீட்புச் சாவிகள், அதே போல் முடங்கிய சர்வர்களில்தான் கிடந்தன. துணைக்கு ஆள் இருக்கிறார் என்பது கொஞ்சம் ஆறுதல்.

இன்னொன்றையும் மறந்துவிடுவோம்: யார் யாருக்கு எந்த உரிமை என்று வைத்திருக்கும் சர்வர். கோப்புகளை எல்லாம் பேக்கப் எடுத்துவிட்டு இதை விட்டுவிடுவார்கள். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற கணினி வைரஸ் தாக்குதலில் கப்பல் நிறுவனமான மெர்ஸ்கில் இந்த வகை சர்வர்கள் ஏறத்தாழ 150, ஒன்றுக்கொன்று பிரதியாக இருந்தன. ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்ற ஏற்பாடு. எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் நினைக்கவில்லை. கானாவில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. அந்த நேரம் பார்த்து அங்கே மின்வெட்டு. அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கையோடு விமானத்தில் கொண்டுவந்துதான் மீட்டெடுத்தார்கள். பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவினார்கள். உங்களிடம் இருப்பது ஒரே சர்வராக இருக்கலாம். மீட்கும் வரிசை அதேதான்: முதலில் நெட்வொர்க், அப்புறம் பயனர் கணக்குகள், அப்புறம் தரவுத்தளம், கடைசியில் மென்பொருள். இந்த வரிசையை எழுதி வையுங்கள்.

நான்காம் படி: முதல் ஒரு மணி நேரம்

உயிர்தான் முதலில். வெளியே வந்ததும் எங்கே கூடுவது, அங்கே யார் தலை எண்ணுவது, அவர் விடுமுறையில் இருந்தால் யார், இதை முடிவு செய்யாமல் சர்வரைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. விருந்தாளியாக வந்தவர்களையும் எண்ண வேண்டும். அதனால் வருகைப் பதிவேட்டை வெளியே எடுத்து வருவது ஒருவரின் பொறுப்பாக இருக்கட்டும்.

அடுத்து, "இது பேரிடர்" என்று அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு? அற்பமாகத் தோன்றும், ஆனால் நேரம் அதிகம் வீணாவது இங்கேதான். "இன்னும் அரை மணி பார்ப்போம்" என்று எல்லாரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே மதியம் ஆகிவிடும். ஒரு பெயர், அவருக்கு இரண்டு மாற்று ஆட்கள், கூடவே ஒரு விதி: இரண்டு மணி நேரத்தில் சரியாகும் என்று யாரும் உறுதி சொல்லாவிட்டால் மாற்று ஏற்பாட்டுக்குப் போகிறோம். விதி எழுதியிருந்தால் முடிவெடுப்பவருக்குத் தயக்கம் இருக்காது.

தொடர்பு கொள்ளும் வழி, விழுந்துபோன அமைப்பைச் சார்ந்திருக்கக்கூடாது. 2021 அக்டோபர் 4-இல் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியபோது, அந்த நிறுவனத்தின் உள்ளுக்குள் பயன்படுத்தும் கருவிகளும் சேர்ந்தே முடங்கின. சரிசெய்யப் போன பொறியாளர்கள் தரவு மையத்துக்குள் நுழையவே நேரமானது. அலுவலக மின்னஞ்சல் வேலை செய்யாதபோது எல்லாருக்கும் எப்படிச் சொல்வீர்கள்? வாட்ஸ்அப் குழு ஒன்று, அது இல்லாவிட்டால் சாதாரண எஸ்.எம்.எஸ்., அதுவும் இல்லாவிட்டால் ஒருவர் மூன்று பேருக்கு போன், அந்த மூவர் ஆளுக்கு மூன்று பேருக்கு. எண்கள் காகிதத்தில் இருக்கட்டும். இன்றைக்கு நம் வீட்டாரின் எண்களே நமக்கு மனப்பாடம் இல்லை.

வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய செய்தியையும் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். பதற்றத்தில் எழுதும் செய்தி ஒன்று மன்றாடும், அல்லது மழுப்பும். இப்படி இருந்தால் போதும்: "இன்று காலை எங்கள் அலுவலகத்தில் ஏற்பட்ட (காரணம்) காரணமாக (எந்தச் சேவை) நின்றிருக்கிறது. உங்கள் தரவு (நிலை). அடுத்த தகவலை (நேரம்) மணிக்குத் தருகிறோம். அவசரத்துக்கு இந்த எண்." அடுத்த தகவல் எப்போது என்று சொன்னால் அந்த நேரத்துக்குச் சொல்லிவிட வேண்டும், சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும்.

ஐந்தாம் படி: எழுதுவது

இவ்வளவு நேரம் சேர்த்ததை இப்போது எழுதலாம். நாற்பது பக்கம் வேண்டாம். ஐந்து இழப்புகளுக்கு ஐந்து அட்டைகள், ஆளுக்கொரு தொடர்புப் பட்டியல், ரீஸ்டோர் வரிசை ஒரு பக்கம். அவ்வளவுதான். ஓர் அட்டை எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

"இடம் இல்லை. அறிவிப்பவர்: மேலாளர், இல்லையேல் கணக்குத் தலைவர். முதல் 30 நிமிடம்: தலை எண்ணு, குழுவில் செய்தி போடு, வாடிக்கையாளர் செய்தி 1-ஐ அனுப்பு. முதல் 4 மணி: சம்பளக் குழுவின் ஐந்து பேர் வீட்டிலிருந்து இணைய வேண்டும், மடிக்கணினி இல்லாதவர் இருவர், அவர்களுக்கான இரண்டு உபரி மடிக்கணினிகள் துணை மேலாளர் வீட்டில். தேதி 25-க்கு மேல் என்றால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுச் சம்பளம் மட்டும். முதல் நாள் முடிவு: தற்காலிக இடம் உறுதி, தபால்களைத் திருப்பிவிடு. செய்யக்கூடாதது: தீயணைப்புத் துறை அனுமதிக்காமல் யாரும் எதையும் எடுக்க உள்ளே போகக்கூடாது."

பெயரோடு பதவியையும் எழுதுங்கள். ஆள் மாறினாலும் அட்டை செத்துப்போகாது. "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்" போன்ற வாக்கியம் எங்காவது வந்தால் அடித்துவிடுங்கள். யார் எடுப்பார் என்று அதில் இல்லை. அச்சடித்த பிரதி ஒன்று அலுவலகத்தில், இரண்டு வெளியே. சர்வரில் மட்டும் இருக்கும் மீட்புத் திட்டம் சர்வர் ஓடும்வரைதான் உதவும்.

காப்பீடு பற்றியும் இங்கேயே பார்த்துவிடுங்கள். கட்டடத்துக்கும் பொருளுக்கும் காப்பீடு இருக்கும். தொழில் நின்ற நாட்களின் வருமான இழப்புக்குத் தனியாக எடுக்க வேண்டியிருக்கும். எத்தனை நாள் நின்ற பிறகு அது தொடங்கும், வெள்ளம் உண்டா இல்லையா என்று வாசியுங்கள். அறை அறையாக ஒரு காணொளி எடுத்து, வாங்கிய ரசீதுகளோடு வெளியே எங்காவது வையுங்கள்.

ஆறாம் படி: ஒத்திகை

நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் 1993-இல் குண்டு வெடித்த பிறகு, மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவர் ரிக் ரெஸ்கோர்லா ஊழியர்களை அடிக்கடி படியிறங்க வைத்துப் பயிற்சி கொடுத்தார். வேலை கெடுகிறது என்று முணுமுணுத்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று தெற்குக் கோபுரத்தில் இருந்தவர்களை இடத்திலேயே இருக்கும்படி ஒலிபெருக்கி சொன்னது. அவர் கேட்கவில்லை, இறங்கச் சொன்னார். சுமார் 2,700 ஊழியர்களில் மிகச் சிலரைத் தவிர எல்லாரும் தப்பினார்கள். மிச்சம் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க மேலே போன அவர் திரும்பவில்லை.

உங்கள் முதல் ஒத்திகைக்கு ஒன்றரை மணி நேரமும் ஒரு மேசையும் போதும். ஆறேழு பேர் உட்காருங்கள். ஒருவர் கதை சொல்லி. "இருபத்தேழாம் தேதி, காலை 9:10. கணினிகள் எல்லாம் ஒரு சிவப்புத் திரையைக் காட்டுகின்றன. பணம் கேட்கிறார்கள். என்ன செய்வீர்கள்?" பேச விடுங்கள். பத்து நிமிடத்துக்கொருமுறை புதிதாக ஒன்றைத் தூக்கிப் போடுங்கள்: வாடிக்கையாளர் ஒருவர் போனில் கத்துகிறார், ஐ.டி. ஆள் விமானத்தில் இருக்கிறார். நிருபர் ஒருவர் அழைக்கிறார். பேக்கப் டிஸ்க்கும் பூட்டப்பட்டிருக்கிறது. திட்டத்தை எழுதிய நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. அட்டையைப் பார்த்து அவர்களே செய்ய முடிகிறதா என்பதுதான் சோதனை. யாராவது "அதைச் செந்தில் பார்த்துக்குவார்" என்று சொன்னால் உடனே செந்திலை வெளியே அனுப்பிவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள். நிறைய வெளிவரும்.

முடிந்ததும் குறைகளை மூன்று வரிகளில்: என்ன, யார் சரிசெய்வார், எந்தத் தேதிக்குள். வருடத்துக்கு இரண்டு முறை இப்படி மேசையில், ஒருமுறை நிஜமாகவே எல்லாரையும் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க வைத்து. ஆள் மாறினாலோ, மென்பொருள் மாறினாலோ, இடம் மாறினாலோ ஒத்திகைக்குக் காத்திருக்காமல் அட்டையை அன்றே திருத்துங்கள்.

திரும்பிப் போவது

எல்லாத் திட்டங்களும் மாற்று ஏற்பாட்டுக்குப் போவதோடு முடிந்துவிடும். அங்கிருந்து எப்படித் திரும்புவது என்று யாரும் எழுதுவதில்லை. மூன்று நாள் காகிதத்திலும் சொந்தக் கணினிகளிலும் வேலை நடந்திருக்கும். சர்வர் வந்த மகிழ்ச்சியில் எல்லாரும் அதில் புதிதாக உள்ளிடத் தொடங்கிவிட்டால், நடுவில் மூன்று நாள் ஓட்டை விழும், அல்லது ஒரே பதிவு இரண்டு முறை ஏறும். ஒருவரை மட்டும் நியமித்து, காகிதத்தில் உள்ளவற்றை முதலில் ஏற்றி, ஏற்றிய ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டு, மொத்தத் தொகை ஒத்துப்போன பிறகே மற்றவர்களுக்குத் திறந்துவிடுங்கள். தாள்களை அந்த மாதக் கணக்கு முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். அவசரத்தில் பகிர்ந்துகொண்ட பாஸ்வேர்ட்களை மாற்றுங்கள், சொந்தக் கணினிகளில் இறக்கிய வாடிக்கையாளர் தரவை அழியுங்கள், ஒட்டிய உறையைப் பிரித்திருந்தால் புது பாஸ்வேர்டோடு புது உறை. உபரி மடிக்கணினிகள் இரண்டையும் சார்ஜ் போட்டு மறுபடி துணை மேலாளர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.